பக்கத்து வீட்டு மொட்டை

உக்காரு கண்ணு, உக்காரு. இந்தப் பையை மடியில வெச்சுக்கிறேன். உள்ள பெருசா ஒண்ணுமில்ல. தேங்கா, பழம், ஆத்தாளுக்கு ஒரு மஞ்சச் சேலை. நீ எங்க இறங்கணும்? சிறுகனூரா? நல்லதாப் போச்சு. நான் சமயபுரம். உன்கிட்ட எதைச் சொன்னாலும் அது உன்னோட சிறுகனூர்ல இறங்கிடும்.

முன்னாடி பாரு. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு தள்ளி, பச்சைச் சேலை. பாட்டைக் குறைன்னு கண்டக்டர்கிட்ட மல்லுக்கட்டுறா பாரு, அவதான் மருதாம்பா. பெரம்பலூர்ல எங்க பக்கத்து வீடு. என்னைவிட மூத்தவ, அதனால நேர்ல அக்கா. முதுகுக்குப் பின்னாடி மருதாம்பா. மெதுவாத்தான் பேசணும், அவளுக்குப் பாம்புக் காது.

நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளு இல்ல. தையல்நாயகின்னு எங்க தெருவுல கேட்டுப் பாரு. காலையில வெளக்கு, சாயங்காலம் வெளக்கு, நடுவுல ஆத்தா பேரு. நாலு பேரு வம்பு பேசினா எழுந்து போயிடுவேன். ஆனா இந்த மருதாம்பா எனக்குப் பண்ணினது இருக்கே, அதை எங்கயாவது சொல்லித் தீக்கணும். நகையைத் திருடுறவங்க இருக்காங்க, ஆட்டைத் திருடுறவங்க இருக்காங்க. மொட்டையைத் திருடினவளை நீ பாத்திருக்கியா? என் மொட்டையைத் திருடினவ அவ.

சிரிக்காதே. முதல்லேருந்து சொல்றேன்.

முந்தின வருஷம் ஐப்பசில, குளிக்கும்போது கையில ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. இங்க, இடது பக்கம். புளியங்கொட்டை அளவு. வலி இல்ல. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அங்க ஆம்பளை டாக்டரா இருந்துட்டா யாரு சேலையை விலக்குறது? மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்துப் போட்டேன். தை பொறக்குறதுக்குள்ள எலுமிச்சங்கா ஆயிடுச்சு. எம்பொண்ணு சுகந்தி, நான் துணி மாத்தும்போது பாத்துட்டு வீட்டையே ரெண்டாக்கிட்டா.

என் பையன் முருகானந்தம் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனான். ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நின்னதும் குடையை விரிக்கிறான். மழை இல்ல. வெயிலும் அப்படி ஒண்ணும் இல்ல. என் மூஞ்சிக்கு நேரா பிடிக்கிறான். “என்னடா தம்பி இது?”ன்னா, “தூசும்மா, கண்ணுல விழுந்துடும்”ங்கிறான். குடைக்கு மேல பாத்தா, ஆனை உசரத்துக்குப் போர்டு. புற்றுநோய் மருத்துவமனைன்னு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, கண்ணு. அந்த எழுத்தை மறைக்கணும்னா குடை பத்தாது, கல்யாணப் பந்தல்தான் போடணும்.

“நீர்க்கட்டிதாம்மா. கரையறதுக்கு மருந்து ஏத்துவாங்க, அவ்வளவுதான்”னான். சரிப்பான்னேன். பெத்த பிள்ளை எனக்காகப் பொய் சொல்றான், நான் நம்பலேன்னா அவன் மனசு என்ன பாடு படும்? நம்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க வீட்டுல அந்த வியாதியோட பேரை யாரும் சொல்றதில்ல. டிவில அந்த விளம்பரம் வந்தா எங்க வீட்டுக்காரர் பாஞ்சு போயி சேனலை மாத்துவார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுஷன் எதுக்கும் வேகமா எந்திரிச்சு நான் பாத்ததில்ல.

மருந்து ஏத்துற ஹாலு பெருசு. வரிசையா சாய்வு நாற்காலி. எனக்கு இந்தப் பக்கம் ஒரு பாய் வீட்டம்மா, கையில நாகூர் கயிறு. அந்தப் பக்கம் உக்காந்தவங்க வேளாங்கண்ணி எண்ணெயை நெத்தியில தடவிக்கிட்டு வருவாங்க. நான் சமயபுரத்துத் திருநீறு. நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திக்குவோம். கயிறு எனக்கு, எண்ணெ அவங்களுக்கு, திருநீறு எல்லாருக்கும். ஒரு சாமிக்கு அன்னிக்கு வேலை ஜாஸ்தின்னா இன்னொரு சாமி பாத்துக்குமில்ல? நர்சம்மாதான் பாவம், ஊசி குத்த இதுக்கெல்லாம் நடுவுல நரம்பைத் தேடணும்.

இதை ஏன் மறைக்கணும்னு கேப்பே. எங்க நாத்தனார் ஒருத்தி இருக்கா. யாருக்கு இந்த வியாதின்னு கேட்டாலும் உடனே உச்சுக் கொட்டி, “எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினாளோ”ம்பா. அதுகூடப் பரவாயில்ல. எம்பொண்ணுக்கு அப்பத்தான் அரியலூர்லேருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்துச்சு. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு ஒரு பேச்சு இருக்கில்ல? அந்தப் பேச்சு எங்க வாசப்படி ஏறிட்டா சுகந்திக்கு எவன் தாலி கட்டுவான்? என் உசுரு பெருசில்ல, கண்ணு. அவ கழுத்துல தாலி ஏறணும். அதுவரைக்கும் தெருவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அதுதான் நான் எடுத்துக்கிட்ட சபதம்.

மாசி மாசம், ரெண்டாவது தடவை மருந்து ஏத்திட்டு வந்து தலை சீவறேன். முடி அத்தனையும் சீப்போட வந்துடுச்சு. சுகந்தி சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. நான் அழல. எனக்கு யோசனை வந்துடுச்சு. ஆத்தாதான் குடுத்திருக்கணும், வேற யாரு குடுப்பா? நம்ம ஊருல ஒரு பொம்பளை மொட்டைத் தலையோட வந்து நின்னா, யாரு டாக்டரை நினைப்பா? எல்லாரும் சாமியைத்தானே நினைப்பாங்க!

மிச்சம் இருந்ததை எங்க வீட்டுக்காரரை வழிச்சுவிடச் சொன்னேன். சந்தனத்தைக் குழைச்சு அப்பினேன். நெத்தி நிறையக் குங்குமத்தை வெச்சுக்கிட்டு வாசல்ல போயி நின்னேன். “சமயபுரத்தாளுக்கு நேந்துக்கிட்டேன், முடி இறக்கிட்டு வந்தேன்.” தெருவே கூடிடுச்சு. ஒருத்தி என்கிட்ட திருநீறு வாங்கிப் பூசிக்கிட்டா. இன்னொருத்தி, “என்ன வேண்டுதல்க்கா?”ன்னா. “வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதேடி”ன்னேன். வாயை மூட இதைவிட நல்ல பூட்டு ஏது?

மருதாம்பா மட்டும் காம்பவுண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. “ஏன்டி தையலு, வருஷா வருஷம் எல்லாரும் சேந்துதானே போவோம். நீ மட்டும் எப்போ போனே?”

“திடீர்னு உத்தரவு வந்துச்சுக்கா.”

அப்படியே உள்ள போயிட்டா. கொஞ்ச நாள் கழிச்சுப் புருவமும் போயிடுச்சு. மொட்டைக்குச் சாமியைச் சொல்லலாம், புருவத்துக்கு யாரைச் சொல்றது? மைப் பென்சிலால வரைஞ்சுக்க ஆரம்பிச்சேன். முதல் நாளு ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மருதாம்பா பாத்துட்டா. “ஏன்டி, உத்தரவு புருவத்துக்கும் சேத்தா வந்துச்சு?”

“அந்த நாவிதருக்குக் கை தாராளம்க்கா”ன்னேன்.

“ஓ”ன்னா. அவ்வளவுதான். நம்பிட்டா! பெரிய கெட்டிக்காரின்னு தெருவுல பேரு. உள்ள ஒண்ணுமில்ல, கண்ணு. வெறும் வெள்ளந்தி.

வந்துடுச்சு, பாடாலூரு. இங்க கொஞ்சம் நிப்பான். வாழைப்பழம் சாப்பிடறியா? ஆத்தாளுக்கு வேற சீப்பு இருக்கு. சும்மா சாப்பிடு.

அப்புறம் பச்சைப் பட்டினி வந்துச்சு. மத்த கோயில்ல நாம விரதம் இருப்போம், சாமி சாப்பிடும். சமயபுரத்துல மட்டும் ஆத்தா நமக்காகப் பட்டினி கிடக்கிறா, நீர்மோரும் பானகமும் குடிச்சுக்கிட்டு. அந்த நாள்ல எங்க தெருவுல கவுச்சி வாசமே வராது. டாக்டரம்மா என்னடான்னா, தினம் முட்டை சாப்பிட்டே ஆகணும், இல்லேன்னா உடம்பு தாங்காது, அடுத்த மருந்து ஏத்த மாட்டேன்னுட்டாங்க. நான் வெளக்கு முன்னாடி உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுட்டு ஆத்தாகிட்டயே கேட்டேன். தாயே, நீ யாருக்காகப் பட்டினி கிடக்கிறே? எனக்காகத்தானே? நீயும் கிடந்து நானும் கிடந்தா, நீ கிடக்கிறது வீணாப் போயிடாதா? உன் பட்டினிக்கு மரியாதை குடுக்கணும்னாலும் நான் சாப்பிட்டுத்தானே ஆகணும்? வெளக்கு அசையவே இல்ல. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

முட்டையைத் தின்னுடலாம். ஓட்டை எங்க ஒளிக்கிறது? காகிதத்துல சுத்திக் குப்பைக்கு அடியில புதைச்சு வைப்பேன். குப்பை வண்டி மணியடிச்சா மருதாம்பா வந்து நிப்பா. “குடுடி, நான் போட்டுடறேன். நீ வெயில்ல நிக்காதே.” என் குப்பை மேல அவளுக்கு என்ன அக்கறை? பாத்தா, அவ வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில முட்டை ஓடாக் கிடக்கு! உரத்துக்குப் போட்டிருக்கா. தெரு சும்மா இருக்குமா? பட்டினி மாசத்துல மருதாம்பா வீட்டுல முட்டையான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அவளும், “ஆமா, நாக்கு கேக்கலடி, என்னடி இப்போ?”ன்னு ஒத்துக்கிட்டா. ஓடு யாரு வீட்டுதுன்னுகூட அவளுக்குப் புரியல, பாவம். நான் உள்ள போயி வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

சோம்பேறி வேற. எனக்குத் தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டும். ஆனா சொல்லி வெச்ச மாதிரி, நான் மருந்து ஏத்திட்டு வந்து படுக்கிற நாளெல்லாம் அவ வீட்டுல தாளிப்பே கிடையாது. வெறும் ரசஞ்சோறு. புருஷங்காரன் முணுமுணுக்கிறது சுவத்தைத் தாண்டிக் கேக்கும்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன்.

அவளோட முடியைப் பத்திச் சொல்லணும் உனக்கு. உக்காந்தா பாயில படும். எண்ணெ தேச்சுக் குளிச்சு வாசல்ல நின்னு உலத்தினான்னா, போற வர்ற பொம்பளைங்க எல்லாம் கண்ணு போட்டுட்டுத்தான் போவாங்க. நானும் போட்டிருக்கேன், ஆத்தா மன்னிக்கட்டும். எல்லாத்துலயும் அவதான் முந்தி. முளைப்பாரி போட்டா அவளுது என்னுதைவிட ஒரு சாண் உசரம். கூழ் ஊத்தினா அவ அண்டாதான் முதல்ல காலி. என் ஆயுசுல ஒரே ஒரு விஷயத்துல நான் அவளை முந்தினேன். மொட்டையில.

ஒரு வெள்ளிக்கிழமை, வாசல் தெளிச்சுட்டு நிமிந்து பாக்கறேன். ஆட்டோவுலேருந்து இறங்குறா. மொட்டை! அத்தனை முடியும் போயி, மண்டை நிறையச் சந்தனம். என்னுது வீட்டுல குழைச்சது, அவளுது அசல் கோயில் சந்தனம். அன்னிக்கு என் வாசல்ல கூடின தெரு அப்படியே அவ வாசலுக்குத் திரும்பிடுச்சு. “என்னக்கா வேண்டுதல்? இந்த முடியைக் குடுக்க மனசு எப்படிக்கா வந்துச்சு?”

“வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுடி”ங்கிறா! என் வார்த்தை, கண்ணு. என் பூட்டை எடுத்து என் முன்னாடியே பூட்டுறா. முட்டை தின்ன பாவத்துக்குப் பரிகாரம்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரியாதா? போட்டி. சுத்தமான போட்டி. ராத்திரி பூரா எனக்கு வயித்தெரிச்சல், மருந்தாலயா அவளாலயான்னு தெரியல.

வைகாசில மாப்பிள்ளை வீட்டுலேருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, விசாலம் டீச்சர். கண்ணாடி போட்டவங்க, ஒரு பார்வை பாத்தா உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். காலையிலேருந்தே வெளக்கு முன்னாடிதான் நான். இவ்வளவு நாளு காப்பாத்தினது இன்னிக்கு நிக்கணுமே, தாயேன்னு இருக்கேன். மருதாம்பாவை நான் கூப்பிடவே இல்ல. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, புதுசா ஒரு தடவை வழிச்சுக்கிட்டு, அவங்களுக்கு முன்னாடியே வந்து பாயில உக்காந்துட்டா. குத்துவெளக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. உரிச்ச தேங்கா ரெண்டு வெச்ச மாதிரி.

டீச்சரம்மா என்னைப் பாத்தாங்க. அவளைப் பாத்தாங்க. “என்ன, ரெண்டு பேருமா?”ன்னாங்க.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மருதாம்பா முந்திக்கிட்டா. “ஆமாங்க. சுகந்திக்கு நல்ல இடமா அமையணும்னு ரெண்டு பேரும் சேந்துதான் நேந்துக்கிட்டோம். பக்கத்து வீடுன்னா சும்மாவா?”

சேந்தா? நான் எப்போ இவகூட சேந்தேன்? என் பொண்ணு, என் வேண்டுதல், என் மொட்டை. பாதியைக் கேக்காமலே எடுத்துக்கிட்டா பாரு! வந்தவங்க முன்னாடி சண்டை போட முடியுமா? சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

வைகாசி வெயிலு. கேசரித் தட்டை எடுக்க எழுந்தேன். மருதாம்பா படக்குனு என் கையைப் பிடிச்சு அடுப்படிக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டா. “அசையாம நில்லுடி”ன்னு முந்தானையால என் நெத்தி வேர்வையை ஒத்தினா. இடுப்புச் செருகல்லேருந்து ஒரு மைப் பென்சிலை எடுத்தா. அவளுக்கு எதுக்கு மைப் பென்சில்? புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி ரெண்டு இருக்கு. அலங்காரப் பித்து. எனக்கு ரெண்டு கோடு இழுத்துவிட்டா. எட்ட நின்னு ஒரு தடவை சரி பாத்துக்கிட்டா, கண்ணு மங்கல், வயசாகுதுல்ல. என் புருவம் ஏன் வேர்வையில கரையுதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே? கேக்கல. சொன்னேனே, வெள்ளந்தி. யாரு வேணா ஏமாத்தலாம்.

கிளம்பும்போது டீச்சரம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. “வாயில புண்ணு வந்தா ஐஸ் கட்டியை அடக்கிக்குங்க, சம்பந்தி. மாதுளை கிடைச்சா விடாதீங்க. எங்க அக்காவும் ஒரு தடவை மொட்டை போட்டிருந்தாங்க”ன்னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல பேசுற பேச்சா இது? யாரோ மொட்டை போட்டதுக்கெல்லாமா அழுவாங்க? ரொம்பப் படிச்சவங்க கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருப்பாங்க போல. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல. சம்பந்தின்னுட்டாங்களே! அது ஒண்ணு போதாதா?

ஆடியில எனக்கு ஆபரேசன். பித்தப்பையில கல்லுன்னு தெருவுக்குச் சொல்லிட்டேன். எல்லாரும் நம்பினாங்க. ஆவணில சுகந்தி கழுத்துல தாலி ஏறிச்சு. பந்தல்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. எப்படி என் சாமர்த்தியம்?

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு. குடுக்காத முடியைக் குடுத்தேன்னு ஆத்தா பேருல சொல்லிட்டேனே. அவளை வெச்சு விளையாடலாமா? அதனால வளர்ற முடி என்னுது இல்ல, அவளுதுன்னு முடிவு பண்ணிட்டேன். எண்ணெ வெச்சாக்கூட, “தாயே, உன் முடிக்கு எண்ணெ வைக்கிறேன்”னு சொல்லித்தான் வைப்பேன். இரு, முக்காட்டை எடுக்கிறேன். பாத்தியா? நாலு விரக்கடை. சுருட்டை! எங்க வம்சத்துலயே சுருட்டை கிடையாது. ஆத்தா தனக்கு வேணுங்கிற மாதிரி வளத்துக்கிட்டா. இன்னிக்கு இறக்கப் போறேன். இந்தத் தடவை நிஜமா.

அடுத்த வாரம் மறுபடியும் திருச்சியில படம் எடுக்கணும். உள்ள எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாப்பாங்களாம். “சும்மா ஒரு பார்வைம்மா”ங்கிறான் முருகானந்தம். குடையைத் துடைச்சு எடுத்து வெச்சிருக்கான். தெருவுல இது ஒருத்தருக்கும் தெரியாது.

அதான், யாருக்கும் சொல்லாம விடியக்காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வந்தா, எனக்கு முன்னாடியே இவ துண்டு போட்டு ரெண்டு சீட்டு பிடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறா! “எங்கக்கா போறே?”ன்னா, “சமயபுரம்டி. முடி இறக்கணும்”ங்கிறா.

“போன வருஷந்தானேக்கா இறக்கினே?”

“அது போன வருஷத்து வேண்டுதல். இது இந்த வருஷத்துது.”

கழுத்து வரைக்கும்கூட ஒழுங்கா வளரல அவளுக்கு. அதுக்குள்ள மறுபடியும். நான் இறக்கினா அவளும் இறக்கணும். கோவத்துல அவ பிடிச்ச சீட்டு வேணாம்னுட்டுத்தான் இங்க வந்து உன்கிட்ட உக்காந்தேன். அப்பலேருந்து எத்தனை தடவை திரும்பிப் பாத்துட்டா பாரு. நான் தூங்குறேனா, தண்ணி குடிக்கிறேனான்னு வேவு.

ஆனா ஒண்ணு, கண்ணு. நேத்து வெளக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சேன். கோவம் கோவந்தான், இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் நல்லா இருக்கார், பிள்ளைங்க நல்லா இருக்காங்க, சொந்த வீடு. அதுக்கு மேல அந்த முடியைக் குடுத்துக் கேக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன குறை? வெளிய சொல்ல முடியாத குறையாத்தான் இருக்கும். மனசு கேக்கல. என் பொண்ணுக்குத் தாலி ஏறிடுச்சு, எனக்குன்னு கேக்க இனிமே ஒண்ணுமில்ல. அதனால இன்னிக்கு என் முடியை இறக்கிட்டு, அவளுக்காகத்தான் கேக்கப் போறேன். தாயே, மருதாம்பா உன்கிட்ட என்ன கேட்டாளோ எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும், ஒரு குறையும் வைக்காம அப்படியே குடுத்துடு. அவ மறுபடி முடி வளத்து வாசல்ல நின்னு உலத்தட்டும். நான் பழையபடி நிம்மதியாப் பொறாமைப்படணும்னு.

அடடா, உன்கிட்ட சொல்லிட்டேனே! பலிக்காமப் போயிடுமோ? சிறுகனூர்ல இறங்குறவகிட்ட சொன்னது கணக்குல வராது. என்ன, கண்ணு கலங்குது? ஜன்னல் காத்தா? மூடிவிட வேண்டியதுதானே.

இந்தா, சிறுகனூர் வந்துடுச்சு. பாத்து இறங்கு. பையை எடுத்துக்கிட்டியா? ஏ கண்ணு, பின் வாசல் இந்தப் பக்கம்! அங்க எங்க முன்னாடி போறே? அவகிட்ட என்ன நின்னுக்கிட்டு... அட, அவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இறங்குது பாரு இந்தப் பொண்ணு!

பாத்தீங்களா கண்டக்டர் தம்பி இந்த அநியாயத்தை? பெரம்பலூர்லேருந்து தொண்டை வறளக் கதை சொன்னது நானு. கும்பிடு அவளுக்கு!